பட்டமேட்டுக்கு மேலே யாருடைய வானம்? டிரோன் விதிகளும் ஜொகூர் வான்வெளியின் வரலாறும்

படிவம் 5 வரலாற்றின் முதல் பாடம் நாட்டின் இறையாண்மை. மலாயில் கெடாவுலாத்தான் நெகாரா. அந்தப் பாடத்தை நடத்தும்போது நிலம், கடல், வான்வெளி என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறோம். நிலத்துக்கு வரைபடம் காட்டலாம். கடலுக்கு பத்து பூத்தே கதை இருக்கிறது. வான்வெளி என்று வரும்போது நம் கையில் உதாரணம் எதுவும் இருப்பதில்லை. பசங்களும் அந்த வார்த்தையை மனப்பாடம் செய்து எழுதிவிட்டுப் போகிறார்கள்.

ஆனால் நல்ல உதாரணம் ஜொகூரிலேயே இருக்கிறது. அதைத் தொடங்க எளிய வழி, இன்று பல பள்ளிகளின் ரோபோட்டிக் கழகத்தில் இருக்கும் டிரோன். "சார், பள்ளித் திடலில் இதைப் பறக்கவிடலாமா?" என்று மாணவன் கேட்கிறானே, அந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொல்ல நூறு வருட வரலாறு தேவைப்படுகிறது.

முதலில் விதி என்ன சொல்கிறது என்று பார்ப்போம். மலேசியாவில் டிரோனுக்கு அடிப்படையான சட்டம் 1969-ஆம் ஆண்டு பொது விமானப் போக்குவரத்துச் சட்டம். அதன் கீழ் வந்தவை 2016-ஆம் ஆண்டு விதிமுறைகள். ஆளில்லா வானூர்திகளுக்கென்றே அதில் ஒரு தனிப் பகுதி இருக்கிறது, 140-ஆம் விதியிலிருந்து. எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் மூன்று இடங்களில் பறக்கவிடக் கூடாது: ஏ, பி, சி, ஜி என்ற வகை வான்வெளிகளில், விமான நிலையப் போக்குவரத்து வட்டாரத்துக்குள், தரையிலிருந்து 400 அடிக்கு மேல். டிரோன் 20 கிலோவுக்கு மேல் எடை இருந்தால் அதற்கு வேறு அனுமதி. கேமரா பொருத்திய சிறிய டிரோனாக இருந்தால், ஆள்களிடமிருந்தும் கட்டடங்களிலிருந்தும் 50 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். ஆயிரம் பேருக்கு மேல் கூடியிருக்கும் கூட்டத்தை விட்டு 150 மீட்டர். டிரோனைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இயக்க வேண்டும் என்பதும் உண்டு. விதியை மீறும் தனிநபருக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதமோ மூன்று ஆண்டு வரை சிறையோ கிடைக்கலாம். இதையெல்லாம் கவனிப்பது முன்பு பொது விமானப் போக்குவரத்துத் துறையாக இருந்து, 2018 பிப்ரவரியில் தனி ஆணையமாக மாறிய அமைப்பு, சுருக்கமாக சி.ஏ.ஏ.எம்.

கூர்ந்து படிப்பவருக்கு இங்கே ஒன்று உறுத்தும். ஏ, பி, சி மூன்றும் கட்டுப்பாட்டு அதிகாரிகள் விமானங்களை வழிநடத்தும் வான்வெளி. ஜி என்பது கட்டுப்பாடே இல்லாதது. உலகில் பல நாடுகளில் பொழுதுபோக்குக்காரர்கள் பறக்கவிடுவதே அந்த ஜி வகையில்தான். அதையும் சேர்த்துத் தடுத்துவிட்டால் அனுமதி கேட்காமல் பறக்க எங்கேதான் மிச்சம் இருக்கிறது? நியாயமான கேள்வி. ஆகவே பள்ளிக் கழகம் எதுவானாலும் ஆணையத்திடம் முதலில் கேட்டுக்கொள்வதுதான் முறை. 400 அடிக்குள்தானே பறக்கிறோம் என்ற சமாதானம் மட்டும் போதாது.

இந்த விதிகளின் வாசகம் எங்கிருந்து வந்தது என்பதும் வரலாறுதான். 50 மீட்டர், 150 மீட்டர், ஆயிரம் பேர் கூட்டம், 20 கிலோ ஆகிய எல்லாம் பிரிட்டனின் 2009-ஆம் ஆண்டு விமானப் போக்குவரத்து ஆணையில் அப்படியே இருக்கின்றன. குற்றவியல் சட்டம், ஒப்பந்தச் சட்டம் போல விமானச் சட்டத்திலும் நாம் பிரிட்டனின் வழியைத்தான் பின்பற்றி வந்திருக்கிறோம்.

400 அடி என்ற எண் அதைவிடப் பழையது. பொம்மை விமானம் பறக்கவிடுவோருக்கு அமெரிக்க விமானத் துறை 1981-இல் வெளியிட்ட ஆலோசனைக் குறிப்பிலேயே இந்த எண் வந்துவிட்டது. காரணம் எளிது. ஆள் ஓட்டும் விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் தவிர பொதுவாக 500 அடிக்குக் கீழே வரக் கூடாது என்பது அனைத்துலக விதி; ஊருக்கு மேலே என்றால் 1,000 அடி. மேலே பெரிய விமானம், கீழே சிறியது, நடுவில் ஒரு 100 அடி இடைவெளி. அவ்வளவுதான்.

ஆனால் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இந்த ஏற்பாடு உடைந்துபோகிறது. இதை வகுப்பில் கணக்காகவே போட்டுக் காட்டலாம், கூடுதல் கணிதம் எடுக்கும் மாணவர்கள் ரசிப்பார்கள். விமானம் ஏறக்குறைய 3 பாகைச் சரிவில் இறங்குகிறது. ஓடுபாதையிலிருந்து 5 கிலோமீட்டர் தூரத்தில் அது தரையிலிருந்து சுமார் 860 அடி உயரத்தில் இருக்கும். 2 கிலோமீட்டர் தூரத்தில் 345 அடி. 1 கிலோமீட்டரில் 170 அடி. அதாவது கடைசி இரண்டேகால் கிலோமீட்டரில் விமானமே 400 அடிக்குக் கீழே, டிரோனின் உயரத்துக்கு, வந்துவிடுகிறது. அதனால்தான் உயர வரம்போடு நிற்காமல், விமான நிலையத்தைச் சுற்றி ஒரு வட்டாரத்தையே ஒதுக்கினார்கள். செனாயின் ஓடுபாதை 3,800 மீட்டர் நீளம். அதன் இரு முனைகளிலிருந்தும் இந்தச் சரிவை வரைந்து பார்த்தால் செனாய், கூலாய் பக்கம் உள்ள பள்ளிகளில் எவை எங்கே விழுகின்றன என்று மாணவர்களே சொல்வார்கள்.

ஹெலிகாப்டர் தளம் இன்னும் சிக்கல். ஹெலிகாப்டருக்கு 3 பாகைச் சரிவு என்ற நேர்கோட்டுப் பாதை கட்டாயம் இல்லை. எந்தப் பக்கத்திலிருந்தும் வரும், தாழ்வாகவே வரும். ஜொகூரில் இதற்கு முதலில் நினைக்க வேண்டிய ஊர் குளுவாங், நம் தரைப்படையின் விமானப் பிரிவுக்குத் தாயகம். அங்கே படிக்கும் மாணவனுக்கு ஹெலிகாப்டர் சத்தம் காக்கை கரைவதைப் போலப் பழகிப்போயிருக்கும். பழகிப்போனது என்பதாலேயே அங்கே டிரோன் விடுவது பற்றி யோசிக்காமல் இருந்துவிடவும் கூடும்.

குளுவாங் விமானத் திடலின் கதையும் சும்மா இல்லை. 1942 ஜனவரி இறுதியில் ஜப்பானியர் அதைக் கைப்பற்றி, சிங்கப்பூரைத் தாக்கும் விமானங்களுக்கு அதையே தளமாக்கிக்கொண்டார்கள். அதே ஜனவரி 26-ஆம் தேதி, கிழக்குக் கரையில் எண்டாவ் பக்கம் ஜப்பானியத் துருப்புக் கப்பல்கள் வந்திருக்கின்றன என்று கேள்விப்பட்டு, சிங்கப்பூரின் செலேத்தாரில் இருந்த பிரிட்டிஷ் விமானப் படையின் 36, 100 ஆம் பிரிவுகளின் வில்ட்பீஸ்ட் விமானங்கள் ஜொகூரைத் தாண்டிப் பறந்து போயின. இரட்டை இறக்கை வைத்த, அப்போதே காலம் கடந்துபோன விமானங்கள். பட்டப்பகலில் அனுப்பினார்கள். போனதில் பல திரும்பவில்லை.

செலேத்தார் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையின் மையமே அதுதான்.

அதற்கு முன் ஒரு கேள்வியைத் தீர்த்துக்கொள்வோம்: நம் வீட்டுக்கு மேலே உள்ள வானம் யாருடையது? பழைய ஆங்கிலச் சட்டச் சிந்தனையில் நிலத்துக்குச் சொந்தக்காரன் வானம் வரைக்கும் சொந்தக்காரன். விமானம் வந்ததும் அது கட்டுப்படியாகவில்லை. அமெரிக்காவில் விமான நிலையத்தை ஒட்டிக் கோழிப்பண்ணை வைத்திருந்த காஸ்பி என்பவர், ராணுவ விமானங்கள் தன் நிலத்துக்கு 83 அடி மேலே பறந்ததில் 150 கோழிகள் மிரண்டு செத்தன என்று வழக்குப் போட்டார். 1946-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயம் சொன்னது. வானம் வரைக்கும் சொந்தம் என்ற பழைய கொள்கைக்கு இன்றைய உலகில் இடம் இல்லை. ஆனால் நிலத்தை அனுபவிக்க முடியாத அளவுக்குத் தாழப் பறந்தால் நட்டஈடு உண்டு. நம் 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத் தொகுப்பின் 44-ஆம் பிரிவும் இதே நடுவழியில்தான் நிற்கிறது. நிலத்தைச் சட்டப்படி பயன்படுத்தி அனுபவிக்க எவ்வளவு வான்வெளி நியாயமாகத் தேவையோ, அவ்வளவு உரிமையாளருக்கு. அதற்கு எத்தனை அடி என்று சட்டம் சொல்லவில்லை. "என் வீட்டுக் காம்பவுண்டுக்குள் நான் விடுறேன், யார் கேட்பது?" என்று சில பெற்றோர் சொல்வதுண்டு. இந்தப் பிரிவை வைத்துக்கொண்டு விமானச் சட்டத்தைத் தள்ளிவிட முடியாதுங்க.

நிலக்காரருடைய வானத்துக்கு மேலே அரசின் வானம். ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலத்துக்கு மேலுள்ள வான்வெளியில் முழுமையான, தனித்த இறையாண்மை உண்டு என்று 1919-இல் பாரிஸ் உடன்படிக்கை சொன்னது. முதல் உலகப் போரில் வானிலிருந்து குண்டு விழுந்து பார்த்த பிறகு எழுதப்பட்ட வாசகம் அது. 1944 டிசம்பர் 7-ஆம் தேதி கையெழுத்தான சிக்காகோ உடன்படிக்கை முதல் பிரிவிலேயே அதைத் திரும்பச் சொன்னது. பலர் கவனிக்காதது அதன் 8-ஆம் பிரிவு: ஓட்டுநர் இல்லாத வானூர்தி, அந்த நாட்டின் சிறப்பு அனுமதி இல்லாமல் அதன் வான்வெளியில் பறக்கக் கூடாது. 1944-லேயே! அந்த வருடம் ஜூன் மாதத்திலிருந்து ஜெர்மனியின் வி-1 பறக்கும் குண்டுகள் ஆளில்லாமல் லண்டன் மேல் விழுந்துகொண்டிருந்தன என்பதை மாணவர்களுக்கு நினைவூட்டினால், அந்தப் பிரிவு ஏன் அங்கே இருக்கிறது என்று தனியாக விளக்க வேண்டியிருக்காது. மலாயா சுதந்திரம் அடைந்த மறு ஆண்டே, 1958-இல், இந்த உடன்படிக்கையில் சேர்ந்தது.

இப்போது செலேத்தாருக்குத் திரும்புவோம். 1920களின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் விமானப் படைக்காகக் கட்டிய திடல் அது. சிங்கப்பூரின் வடகிழக்கில், ஜொகூர் நீரிணையை ஒட்டியே இருக்கிறது. வடக்குப் பக்கத்திலிருந்து அதில் இறங்கும் விமானம் வர வேண்டிய பாதை பாசிர் கூடாங்குக்கு மேலே போகிறது. பாசிர் கூடாங் என்றால் துறைமுகம், எண்ணெய்க் கிடங்குகள், இரசாயன ஆலைகள், குடியிருப்புகள், பள்ளிகள். கூடவே புக்கிட் லாயாங்-லாயாங், அதாவது பட்டமேடு! 1995-லிருந்து உலகப் பட்டத் திருவிழா நடக்கும் ஊர். வாவ் பூலான் முதல் வெளிநாட்டு இராட்சதப் பட்டங்கள் வரை ஏறும் வானம். அந்த வானத்தின் மேலடுக்கில் இரண்டு நாடுகள் மோதிக்கொண்டன.

பின்னணி இது. அனைத்துலக விமானப் போக்குவரத்தில் உலக வானம் முழுவதும் விமானத் தகவல் வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. யார் எந்த வட்டாரத்தில் விமானங்களுக்கு வழிசொல்வது என்பதற்கான வேலைப் பங்கீடு அது. 1974-இல் கோலாலம்பூரும் சிங்கப்பூரும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, தென் ஜொகூருக்கு மேலே உள்ள வான்வெளியில் விமானங்களை வழிநடத்தும் வேலை சிங்கப்பூரிடம் ஒப்படைக்கப்பட்டது. செனாய் விமான நிலையம் திறந்ததும் அதே 1974-தான்.

மாணவர்கள் குழம்புவது இந்த இடத்தில்தான். வேலையை ஒப்படைத்தால் இறையாண்மையையும் கொடுத்துவிட்டோமா? இல்லை. ஒரு நாடு தன் வான்வெளியில் போக்குவரத்துச் சேவை செய்யும் பொறுப்பை இன்னொரு நாட்டிடம் ஒப்படைத்தாலும், இறையாண்மை குறையாது என்று சிக்காகோ உடன்படிக்கையின் 11-ஆம் இணைப்பு சொல்கிறது. வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டாரிடம் கொடுத்துவிட்டுத் திருவிழாவுக்குப் போகிறோம், வீடு நம்முடையதுதான். ஆனால் சாவி நாற்பது வருடத்துக்கு மேல் அங்கேயே இருந்தால் இரு பக்கமும் கொஞ்சம் உரிமை கொண்டாடத் தொடங்குவதும் மனித இயல்பு.

2018-இல் சிங்கப்பூர், செலேத்தாரில் கருவி வழித் தரையிறக்க முறையை, அதாவது ஐ.எல்.எஸ்.-ஐ, கொண்டுவரத் திட்டமிட்டது. மழையிலும் மங்கலிலும் விமானியை ரேடியோ அலைக்கற்றை ஓடுபாதைக்கு இழுத்து வரும் முறை. 2019 ஜனவரி 3-ஆம் தேதி தொடக்கம் என்று அறிவிப்பு. பறப்புப் பாதுகாப்புக்கு நல்லதுதானே, இதில் என்ன வம்பு என்று தோன்றும். மேலே போட்ட 3 பாகைக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். சரிவுப் பாதை ஒன்றை அதிகாரபூர்வமாக வரைந்துவிட்டால், அதன் கீழே எதுவும் குறிப்பிட்ட உயரத்தைத் தாண்டக் கூடாது. டிரோனுக்கு மட்டுமல்ல, கட்டடத்துக்கும், துறைமுகப் பாரந்தூக்கிக்கும், புகைபோக்கிக்கும் அதே வரம்பு. சிங்கப்பூர் ஓடுபாதைக்காக ஜொகூரில் கட்டடம் குட்டையாக இருக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக் 2018 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் இதை எதிர்த்துப் பேசினார். தென் ஜொகூர் வான்வெளியைத் திரும்பப் பெற விரும்புவதாகவும் சொன்னார். புதிதாக எதையும் விதிக்கவில்லை, பாதை ஏற்கெனவே இருப்பதுதான் என்றது சிங்கப்பூர். அதே சமயம் ஜொகூர் பாரு துறைமுக எல்லை பற்றிய கடல் சர்ச்சையும் கொதித்துக்கொண்டிருந்தது.

டிசம்பர் 25-ஆம் தேதி மலேசியா தன் சீட்டைப் போட்டது. பாசிர் கூடாங்குக்கு மேலே 2,000 அடி முதல் 5,000 அடி வரை உள்ள வான்வெளி, ஜனவரி 2-ஆம் தேதியிலிருந்து ராணுவ நடவடிக்கைக்கான நிரந்தரக் கட்டுப்பாட்டுப் பகுதி. டிரோன் வைத்திருக்கும் பையனுக்கு "இங்கே பறக்கக் கூடாது" என்று சொல்ல அரசு எந்த அதிகாரத்தைப் பயன்படுத்துகிறதோ, அதே அதிகாரத்தைத்தான் இங்கே ஒரு நாட்டின் விமானங்களுக்கு எதிராகவும் பயன்படுத்தியது. அளவுதான் வேறு.

தற்செயலாக, அதே டிசம்பர் 19-ஆம் தேதி இரவில் லண்டனின் கேட்விக் விமான நிலையத்தில் டிரோன் பார்த்ததாகத் தகவல் வந்து ஓடுபாதையை மூடினார்கள். 21-ஆம் தேதி வரை திண்டாட்டம். சுமார் ஆயிரம் விமானச் சேவைகள், ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பயணிகள், அதுவும் கிறிஸ்துமஸ் வாரத்தில். பொழுதுபோக்கு டிரோன் என்பது விளையாட்டுப் பொருள் என்ற எண்ணம் உலகம் முழுக்க மாறியது அந்த மூன்று நாளில்தான்.

பாசிர் கூடாங் சண்டை ஒரு வாரத்தில் பேச்சுக்கு வந்தது. ஜனவரி 8-ஆம் தேதி இரு வெளியுறவு அமைச்சர்கள், சைபுடின் அப்துல்லாவும் விவியன் பாலகிருஷ்ணனும், சந்தித்து இரண்டையும் ஒரு மாதம் நிறுத்திவைக்க ஒப்புக்கொண்டார்கள். மார்ச் மாதத்தில் பாசிர் கூடாங் என்ற பெயர் நாளிதழ்களில் வேறு காரணத்துக்காக வந்தது. கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவைக் கொட்டியதால் அவ்வட்டாரத்தின் 111 பள்ளிகளும் மூடப்பட்டன. அந்த நாள்களை அங்கே இருந்த ஆசிரியர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வான்வெளி விஷயம் பின்னுக்குப் போனது. ஏப்ரல் தொடக்கத்தில் சத்தமில்லாமல் முடிவு வந்தது: சிங்கப்பூர் ஐ.எல்.எஸ். நடைமுறையைத் திரும்பப் பெற்றது, மலேசியா கட்டுப்பாட்டுப் பகுதியைக் காலவரையின்றி நிறுத்திவைத்தது. பதிலுக்கு ஜி.பி.எஸ். அடிப்படையிலான இறங்கும் முறை உருவாக்கப்படும் என்றார்கள். ஏப்ரல் 22-ஆம் தேதி சுபாங்கிலிருந்து பயர்பிளை விமானம் செலேத்தாரில் இறங்கியது. 1974 உடன்பாடு பற்றிய பெரிய கேள்வி பேச்சுவார்த்தைக்கு விடப்பட்டது.

இதில் யார் வென்றார்கள் என்று மாணவர்கள் கேட்பார்கள். என் கருத்து, மலேசியா கேட்டதில் கீழே உள்ள பாதியைப் பெற்றது. பாசிர் கூடாங்கின் கட்டட உயரத்தைத் தீர்மானிக்கும் உரிமை கையில் இருக்கிறது. மேலே உள்ள பாதி, அதாவது வழிநடத்தும் வேலை, சிங்கப்பூரிடமே தொடர்ந்தது. இந்தோனேசியா இதே மாதிரி ரியாவ் தீவுகளுக்கு மேலுள்ள வட்டாரத்துக்காகப் பல ஆண்டு பேசி, 2022 ஜனவரியில்தான் சிங்கப்பூரோடு ஒப்பந்தம் போட்டது. அதிலும் சிங்கப்பூரை ஒட்டிய பகுதியின் தாழ்ந்த உயரங்கள் மறுபடி சிங்கப்பூரிடமே ஒப்படைக்கப்பட்டன. நெரிசலான விமான நிலையத்துக்கு அருகில் வானத்தைத் துண்டு போடுவது அவ்வளவு சுலபமில்லை.

இரண்டு மாதம் கழித்து டிரோன் தன் பங்கைக் காட்டியது, இம்முறை நீரிணைக்கு அந்தப் பக்கம். 2019 ஜூன் 18 இரவு தொடங்கி சாங்கி விமான நிலையத்தின் அருகே டிரோன்கள் தென்பட்டதில் 37 விமானங்கள் தாமதமாயின. 24-ஆம் தேதி இரவில் மறுபடியும். 18 விமானங்கள் தாமதம், ஏழு வேறு இடங்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. சிங்கப்பூரில் விமான நிலையத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள்ளும் 200 அடிக்கு மேலும் அனுமதியில்லாமல் டிரோன் விடக் கூடாது என்பது முன்பே இருந்த விதி. பட்டத்துக்கும் அங்கே அதே 5 கிலோமீட்டர், அதே 200 அடி. 2020 ஜனவரி 2-லிருந்து 250 கிராமுக்கு மேற்பட்ட டிரோன்களைப் பதிவு செய்வதும் கட்டாயமானது.

மலேசிய விதியில் கிலோமீட்டர் எண் இல்லை, போக்குவரத்து வட்டாரம் என்ற சொல்தான் இருக்கிறது என்பதை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். சாதாரண ஆளுக்கு 5 கிலோமீட்டர் என்றால் உடனே புரியும், கைப்பேசி வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டுப் பார்த்துவிடுவான். வட்டாரம் என்றால் விமானத் துறையின் அதிகாரபூர்வ ஆவணத்தைப் புரட்ட வேண்டும். சட்டம் எழுதியவர்கள் விமானிகளை மனதில் வைத்து எழுதியதைப் பதினைந்து வயதுப் பையன் படிக்க வேண்டியிருக்கிறது.

தேர்வுக்கு எழுதும் மாணவர்களுக்கு: வான்வெளி இறையாண்மைக்கு எடுத்துக்காட்டு கேட்டால் பாசிர் கூடாங் 2018–2019 என்று எழுதுங்கள். ஆண்டு 1974, உயரம் 2,000 முதல் 5,000 அடி, உடன்பாடு ஏப்ரல் 2019. ‘இறையாண்மை’ என்ற சொல்லையும் ‘வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு’ என்ற சொல்லையும் ஒரே வாக்கியத்தில் ஒன்றாகப் போட்டுக் குழப்பாமல், இரண்டுக்கும் தனித்தனி வாக்கியம் கொடுங்கள்.